பழைய விண்கலப் போர் விளையாட்டைத் திருத்தி எழுதுதல்: எந்தப் பிழையை நீக்குவது, எதை விதியாக வைத்துக்கொள்வது?

சிறுகோள் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம் நண்பர்களே. 1998-இல் கல்லூரி இரண்டாம் ஆண்டில் படித்தபோது, இருவர் ஆடும் விண்கலப் போர் விளையாட்டு ஒன்றை டர்போ சி என்ற அந்தக் காலத்துச் சி மொழித் தொகுப்பியில் எழுதியிருந்தேன். அதன் மூலநிரல் அண்மையில் ஒரு பழைய ஃபிளாப்பி வட்டிலிருந்து பழுதின்றிக் கிடைத்தது. திரையின் நடுவில் ஒரு சிறிய கோள் இருக்கும். அதன் மெல்லிய ஈர்ப்புக்குள் இரண்டு முக்கோணக் கலங்கள் சுற்றிவந்து ஒன்றையொன்று சுடும். இடம் திரும்ப, வலம் திரும்ப, உந்த, சுட என்று ஆளுக்கு நான்கு விசைகள் மட்டுமே. நானும் தம்பியும் இரண்டு கோடை விடுமுறைகளை முழுவதும் இதிலேயே கழித்திருக்கிறோம்.

இப்போது அதைச் சி மொழியிலேயே, திரையையும் விசைப்பலகையையும் கையாளும் எஸ்டிஎல் நூலகத்தைக் கொண்டு புதிதாக எழுதியிருக்கிறேன். நொடிக்கு 120 படிகள் என்று இயற்பியல் கணக்கை நிலைப்படுத்திவிட்டேன். திரை எந்த வேகத்தில் புதுப்பிக்கப்பட்டாலும் அந்தக் கணக்கு மாறாது. முழு எண்களுக்குப் பதிலாக இரட்டைத் துல்லியத் தசம எண்களைப் பயன்படுத்துகிறேன். குண்டுகள் கலத்தை ஊடுருவிச் செல்லும் பிழையையும் நீக்கிவிட்டேன். கணக்குப்படி எல்லாம் சரியாக இருக்கிறது.

ஆனால் தம்பி அரைமணி நேரம் ஆடிப் பார்த்துவிட்டு, "இது நம்ம விளையாட்டு இல்லையேண்ணா, இங்கே எதுவும் நம்மளை விரட்டவே இல்லை" என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டான். அவன் சொன்னது எனக்கும் புரிந்தது. பழைய விளையாட்டில் ஒரு நொடிகூட விசையிலிருந்து விரலை எடுக்க முடியாது. புதியதில் ஒருமுறை கலத்தைச் சுற்றுப்பாதையில் ஏற்றிவிட்டால், அது தன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஈர்ப்பின் வலிமையைக் கூட்டியும் குறைத்தும் பார்த்துவிட்டேன், பயனில்லை. எங்கே தவறவிட்டேன் என்று கண்டுபிடிக்க உதவ முடியுமா? பழைய நிரலின் முதன்மைச் சுழற்சியை, அதாவது படிக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப ஓடும் பகுதியை, இணைத்துள்ளேன்.

நெம்புகோல்

நண்பர் சிறுகோள் அவர்களுக்கு வணக்கம். நான் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் கற்பிப்பவள். உங்கள் பழைய நிரலைப் படித்தேன், காரணம் அந்த வரிகளின் வரிசையிலேயே இருக்கிறது.

சுழற்சியின் தொடக்கத்தில் கலம் இருக்கும் இடத்தை வைத்து முடுக்கத்தைக் கணக்கிடுகிறீர்கள். அடுத்து, பழைய திசைவேகத்தைக் கொண்டு கலத்தை நகர்த்துகிறீர்கள். அதன் பிறகுதான் திசைவேகத்தை மாற்றுகிறீர்கள். இது ஆய்லரின் நேர்முறை. வட்டப்பாதையில் செல்லும் கலத்தை இந்த முறை ஒவ்வொரு படியிலும் தொடுகோட்டின் வழியே சற்று வெளியே தள்ளிவிடும், திசைவேகத்தையும் சற்றுக் கூட்டிவிடும். இரண்டும் ஒரே பக்கமாகச் சேர்வதால் கலத்தின் ஆற்றல் படிக்குப் படி ஏறிக்கொண்டே போகும். ஒரு சுற்றுக்கு 200 படிகள் என்ற பாதையில் தொடங்கினால், அந்த 200 படிகள் முடிவதற்குள் பாதையின் ஆரம் கால் பங்குக்கு மேல் விரிந்துவிடும் என்பதைக் காகிதத்திலேயே கணக்கிட்டுப் பார்க்கலாம். பழைய விளையாட்டில் சுற்றுப்பாதை என்று ஒன்று நிலைத்ததே இல்லை. உங்களைத் துரத்தியது அதுதான்.

புதிய நிரலில் முதலில் திசைவேகத்தை மாற்றி, அந்தப் புதிய திசைவேகத்தால் இடத்தை நகர்த்துகிறீர்கள். ஒரு வரியை இடம் மாற்றியதுதான் வேறுபாடு. ஆனால் இந்த முறையில் ஆற்றல் சிறிது ஏறி இறங்குமே தவிர, ஒரே பக்கமாக வழிந்து போகாது. கோள் இயக்கங்களைக் கணிப்பவர்கள் இந்தக் குடும்பத்து முறைகளையே விரும்புவதற்கும் அதுதான் காரணம். இயற்பியல் ஆசிரியையாக உங்கள் திருத்தத்தைப் பாராட்டுகிறேன். தம்பியின் குறையும் நியாயமானதே.

பழைய வட்டு

அந்தக் காலத்து டர்போ சி நிரல்களைத் தூசு தட்டி ஓடவைப்பதை நெடுநாளாகப் பொழுதுபோக்காகச் செய்துவருகிறேன். நெம்புகோல் அவர்கள் சொன்னது பாதிக் கதை, மீதிப் பாதி உங்கள் மாறிகளின் வகையில் இருக்கிறது.

டர்போ சியில் முழு எண் 16 பிட் அளவுடையது, 32767-க்கு மேல் போகாது. அதனால்தான் பிக்சல் எண்ணை 32-ஆல் பெருக்கி வைத்திருக்கிறீர்கள். 640-ஐ 32-ஆல் பெருக்கினால் 20480, பத்திரமாக அடங்கிவிடும். 64-ஆல் பெருக்கியிருந்தால் வழிந்திருக்கும். ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. ஒரு படிக்குப் பிக்சலில் 32-இல் ஒரு பங்குக்கும் குறைவான முடுக்கம் அனைத்தும் வகுத்தலின்போது வெட்டுப்பட்டுச் சுழியமாகிவிடுகிறது. உங்கள் ஈர்ப்பு மாறிலியை வைத்துக் கணக்கிட்டால், கோளின் மையத்திலிருந்து 100 பிக்சல் தொலைவில் ஈர்ப்பு மூன்று அலகு, ஏறத்தாழ 178 பிக்சலைத் தாண்டினால் சுழியம். திரையின் பாதி அகலம் 320 பிக்சல் என்பதால், இரு ஓரங்களிலும் சுமார் 140 பிக்சல் அகலத்துக்கு ஈர்ப்பே இல்லாத இரண்டு பட்டைகள் இருந்திருக்கின்றன. மேலேயும் கீழேயும் அப்படி எதுவும் இல்லை, ஏனெனில் பாதி உயரம் 175 பிக்சல்தான்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. 640×480 முறையில் ஒரே ஒரு திரைப்பக்கம்தான் (ஒரு முழுப் படத்தை வைத்திருக்கும் நினைவகப் பகுதி) கிடைக்கும் என்பதால், படம் நடுங்காமல் இருக்க 640×350 முறையை எடுத்து இரண்டு பக்கங்களை மாற்றி மாற்றிக் காட்டியிருக்கிறீர்கள். அந்த முறையில் பிக்சல் சதுரமாக இருக்காது. 4:3 திரையில் அதன் உயரம் அகலத்தைப்போல் 1.37 மடங்கு. வட்டம் வரையும் கட்டளை இதைத் தானே ஈடுசெய்துவிடுவதால் கோள் உருண்டையாகவே தெரிந்திருக்கும். ஆனால் மோதலை நீங்கள் வெறும் பிக்சல் எண்ணிக்கையில் அளந்திருக்கிறீர்கள். கோளின் ஆரம் 40 பிக்சல் என்றால், வரையப்பட்ட படம் மேல்நோக்கி 29 பிக்சல்தான் நீண்டிருக்கும். கலமோ 40-ஆவது பிக்சலிலேயே வெடித்திருக்கும். அதாவது, கோளின் இரு துருவங்களுக்கும் மேல் 11 பிக்சல் உயரத்துக்குக் கண்ணுக்குத் தெரியாத ஒரு பாறை நின்றிருக்கிறது. உங்களுக்கு அப்படி ஏதாவது நினைவிருக்கிறதா?

சிறுகோள்

பழைய வட்டு அவர்களே, உங்கள் பதிவைப் படித்துவிட்டு உடனே தம்பியைத் தொலைபேசியில் அழைத்தேன். நான் கேள்வியை முடிப்பதற்குள்ளேயே, "மேலே போனா சீக்கிரம் வெடிக்கும், அது தெரியாதா உனக்கு? உன்னை மேல் பக்கமா இழுத்துட்டு வந்துதான் நான் பாதி ஆட்டம் ஜெயிச்சேன்" என்றான். விளையாட்டை எழுதியவன் நான். ஆனால் என் மோதல் கணக்கின் வடிவத்தை இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே சரியாகத் தெரிந்து வைத்திருந்தவன் அவன்.

ஓரத்துப் பட்டைகளும் நினைவுக்கு வருகின்றன. சுடுபட்டுத் தப்பிக்கும்போது இருவரும் இடது ஓரத்துக்கோ வலது ஓரத்துக்கோ ஓடுவோம், மேலே ஒருபோதும் ஓடமாட்டோம். ஏன் என்று நாங்கள் யோசித்ததே இல்லை, கைகள் அப்படிப் பழகியிருந்தன.

இப்போது என் கேள்வி சற்று மாறுகிறது. பாதை விரிவது, ஓரத்துப் பட்டைகள், துருவப் பாறை ஆகிய மூன்றும் என் அறியாமையால் நேர்ந்த பிழைகள். ஆனால் எங்கள் ஆட்டம் முழுவதும் இந்த மூன்றின் மேல்தான் நின்றிருக்கிறது. இவற்றை நீக்கினால் விளையாட்டு இல்லை. அப்படியே வைத்துக்கொண்டால், தவறான கணக்கைத் தெரிந்தே ஓடவிடுவதாகும்.

வால்மீன்

இந்தக் கேள்விக்கு வயது அறுபதுக்கு மேல். 1962-இல் அமெரிக்காவின் எம்ஐடி கல்வி நிறுவனத்தில் ஸ்டீவ் ரஸ்ஸலும் நண்பர்களும் பிடிபி-1 கணினியில் எழுதிய ஸ்பேஸ்வார் விளையாட்டிலும் நடுவில் ஒரு விண்மீன், அதைச் சுற்றி இரண்டு கலங்கள். முதலில் அதில் ஈர்ப்பே இல்லை, டான் எட்வர்ட்ஸ்தான் அதைச் சேர்த்தார். அந்தக் கணினியால் ஒரு நொடியில் சுமார் ஒரு லட்சம் கூட்டல்களைத்தான் செய்ய முடியும். ஈர்ப்புக் கணக்குக்கு நேரம் போதாமல், கலங்களின் உருவத்தை வரையும் பகுதியை வேகமாக்கி அங்கே மிச்சப்பட்ட நேரத்தை ஈர்ப்புக்குக் கொடுத்தார். அப்படியும் குண்டுகளுக்குக் கொடுக்க நேரம் மிஞ்சவில்லை. அதனால் கலங்கள் வளைந்து விழும், குண்டுகளோ விண்மீனைப் பொருட்படுத்தாமல் நேர்கோட்டில் பறக்கும்.

இயற்பியல்படி இது பிழை. ஆட்டத்திலோ, வளைந்து விழுந்துகொண்டிருக்கும் கலத்திலிருந்து நேராகப் போகும் குண்டை எப்போது விடுவது என்று கணிப்பதுதான் முழுத் திறமையும். கணினியின் இயலாமை விளையாட்டின் விதியாகிவிட்டது. மவுண்டன் வியூவில் உள்ள கணினி வரலாற்று அருங்காட்சியகத்தில் மீட்டெடுக்கப்பட்ட பிடிபி-1 கணினியிலும் அந்த விளையாட்டைத்தான் ஓட்டிக் காட்டுகிறார்கள். குண்டுகளுக்கும் ஈர்ப்பைக் கொடுத்துத் திருத்தினால் அது வேறு விளையாட்டாகிவிடும்.

1979-இல் அடாரி வெளியிட்ட ஆஸ்டெராய்ட்ஸ் விளையாட்டையும் நினைத்துப் பாருங்கள். உந்துவதை நிறுத்தினால் கலம் மெல்ல வேகம் குறைந்து நின்றுவிடும். வெற்றிடத்தில் அப்படி நடக்காது. ஆனால் அங்கே யாரும் குழப்பமடைவதில்லை, ஏனெனில் ஒவ்வொரு முறையும், எல்லோருக்கும், ஒரே மாதிரி நிற்கிறது. ஆடுபவர் கண்டுபிடித்து, கற்று, எதிராளியும் கற்றுக்கொள்ளக்கூடிய எதுவும் விதிதான். கணினி மாறினால் மாறிவிடுவதுதான் பிழை. இந்த அளவுகோலை வைத்துப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கரிசல்

வால்மீன் சொல்வதை ஏற்கிறேன். ஆனால் அதே அளவுகோலின்படி பாதை விரிவது பிழைதானே? அது படியின் நீளத்தைப் பொறுத்தது. சிறுகோள் படியை நொடிக்கு 30-இலிருந்து 120 ஆக்கியிருக்கிறார். பழைய முறையையே திரும்பக் கொண்டுவந்தாலும் விலகல் நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். படிக்குப் படி பிழை பதினாறில் ஒன்று, படிகளின் எண்ணிக்கை நான்கு மடங்கு.

பழைய வட்டு

கரிசல் சொல்வது சரி. பழைய நிரலிலேயேகூட அது நிலையாக இருந்திருக்காது. காத்திருப்புக் கட்டளையையும் வரைவதற்கு ஆகும் நேரத்தையும் கூட்டினால் வருவதுதான் அங்கே ஒரு படி. விலகல் படிக்கணக்கில் மாறாது என்றாலும், வேகமான கணினியில் அதே விலகல் குறைந்த நொடிகளில் வந்து சேர்ந்துவிடும். கணினியை மாற்றியபோது ஆட்டம் கைமீறிப் போயிருக்க வேண்டும்.

நெம்புகோல்

கரிசல் எழுப்பிய தடைக்கு ஒரு வழி இருக்கிறது. பிழையை அளந்து, அதைப் பெயரிட்ட ஓர் இயற்பியல் விசையாக எழுதிவிடலாம்.

வட்டப்பாதைக்கு நெருக்கமாகச் செல்லும் கலத்துக்கு, ஆய்லரின் நேர்முறை ஒவ்வொரு படியிலும் கூட்டும் ஆற்றலைக் கணக்கிட்டுப் பாருங்கள். கலம் எந்தத் திசையில் போகிறதோ அதே திசையில், அதன் திசைவேகத்துக்கு நேர்விகிதத்தில் ஒரு தள்ளல் இருந்தால் என்ன ஆற்றல் சேருமோ, அதேதான் சேர்கிறது. உராய்வின் நேரெதிர் என்று வைத்துக்கொள்ளலாம். அதன் கெழு, படியின் கால அளவை ஈர்ப்பு மாறிலியால் பெருக்கி, தொலைவின் முப்படியால் வகுத்தால் கிடைப்பது. ஆகவே கோளுக்கு அருகில் தள்ளல் கடுமையாகவும், தொலைவு இரட்டித்தால் எட்டில் ஒன்றாகவும் இருக்கும். தம்பியின் கைகளுக்கு நினைவிருப்பது இந்த முப்படிதான்: கோளை உரசிக்கொண்டு போனால் வீசியெறியப்படுவோம், தள்ளியிருந்தால் மெல்ல நழுவுவோம்.

இப்போது செய்ய வேண்டியது எளிது. உங்கள் புதிய, சரியான முறை அப்படியே இருக்கட்டும். அதன்மேல் இந்தத் தள்ளலை ஈர்ப்பு, உந்துவிசை இவற்றோடு மூன்றாவது விசையாகச் சேருங்கள். கெழுவில் படியின் கால அளவு வரும் இடத்தில் பழைய 30-இல் ஒரு நொடியை மாறா எண்ணாக எழுதிவிடுங்கள். பிறகு நீங்கள் நொடிக்கு 120 படி வைத்தாலும் 240 வைத்தாலும் கலம் ஒரே மாதிரிதான் நழுவும். வால்மீன் கேட்ட அளவுகோலும் நிறைவேறும், என் மாணவர்களிடம் காட்டவும் எனக்குக் கூச்சம் இருக்காது. நீள்வட்டப் பாதைகளில் பழைய ஆட்டத்தோடு சிறு வேறுபாடு வரும், அதைக் கெழுவைச் சற்று மாற்றிச் சரிசெய்துகொள்ளலாம்.

துருவப் பாறையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், இதை எழுதும்போது எனக்கே மகிழ்ச்சியாக இருக்கிறது. ஈர்ப்பு குறைந்த சிறிய வான்பொருள்கள் உருண்டையாக இருப்பதில்லை. பாறையின் வலிமையை வென்று தன்னை உருட்டிக்கொள்ளும் அளவுக்கு அவற்றுக்கு நிறை கிடையாது. செவ்வாயின் நிலவு ஃபோபோஸ் ஏறத்தாழ 27, 22, 18 கிலோமீட்டர் அளவுகளைக் கொண்ட ஒரு கிழங்கு. ஈரோஸ் என்ற சிறுகோள் சுமார் 34 கிலோமீட்டர் நீளமும் அதில் மூன்றில் ஒரு பங்கு தடிமனும் உடையது. நீங்கள் மோதல் கணக்கைத் திருத்தவே வேண்டாம், படத்தைத் திருத்துங்கள். அகலத்தைப்போல் 1.37 மடங்கு உயரமுள்ள ஒரு பாறையை நடுவில் வரைந்துவிட்டால், கண்ணுக்குத் தெரியாமல் நின்றது கண்ணுக்குத் தெரியும். அத்தகைய பாறையின் உண்மையான ஈர்ப்புப் புலம் உங்கள் நிரலில் உள்ளதுபோல் அவ்வளவு எளிமையாக இராது என்றாலும், இந்த ஆட்டத்துக்கு இது போதும்.

வால்மீன்

அருமையான தீர்வு. இதைச் செய்தபின் கோளுக்கு ஒரு துணைக்கோளையும் சேர்த்தால் என்ன? இருவருக்கும் ஒளிந்துகொள்ள இடம் கிடைக்கும்.

நெம்புகோல்

சேர்க்கலாம், ஆனால் திரையின் விளிம்பைக் கவனிக்க வேண்டும். வலது ஓரத்தில் வெளியேறும் கலம் இடது ஓரத்தில் வருகிறது. கோள் சரியாக நடுவில் இருக்கும்வரை இரு ஓரங்களும் அதிலிருந்து ஒரே தொலைவில் இருப்பதால் சிக்கல் இல்லை. துணைக்கோள் ஒரு பக்கமாக இருந்தால், விளிம்பைத் தாண்டும் நொடியில் அதனிடமிருந்து கலத்தின் தொலைவு சட்டென்று மாறிவிடும், கலத்துக்கு ஆற்றல் இலவசமாகக் கிடைக்கும். ஆடுபவர்கள் அதை ஒரே மாலையில் கண்டுபிடித்துவிடுவார்கள். விளிம்பைச் சுற்றிப் போகும் வழியையும் சேர்த்து, எது குறுகியதோ அந்தத் தொலைவை வைத்து ஈர்ப்பைக் கணக்கிட்டால் இது தீரும்.

சிறுகோள்

நண்பர்களே, இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளவும். துணைக்கோளை இப்போதைக்கு ஒத்திவைத்துவிட்டேன். நெம்புகோல் அவர்கள் சொன்ன மூன்றாவது விசையைச் சேர்த்தாயிற்று. பழைய டாஸ் நிரல்களை இன்றைய கணினியில் ஓட்டும் டாஸ்பாக்ஸில் பழைய நிரலையும் பக்கத்திலேயே புதியதையும் ஓடவிட்டு, இரண்டிலும் ஒரே இடத்தில் ஒரே வேகத்தில் கலத்தை விட்டு, விசைப்பலகையைத் தொடாமல் பார்த்தேன். முதல் இரண்டு சுற்றுகளுக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகவே விரிந்தன. மூன்றாவது சுற்றில் பழையது ஓரத்துப் பட்டைக்குள் நுழைந்து நேர்கோட்டில் ஓடிவிட்டது, புதியது வளைந்துகொண்டே இருந்தது. ஆகவே பட்டையையும் விதியாக்கினேன்: மையத்திலிருந்து 178 அலகுக்கு அப்பால் ஈர்ப்பு இல்லை, அந்த எல்லையைத் திரையில் மங்கலான புள்ளிக்கோடாகக் காட்டுகிறேன்.

குண்டுகள் ஊடுருவிய பிழையை மட்டும் திரும்பக் கொண்டுவரவில்லை. பழைய ஆட்டத்தில் குண்டு படிக்கு 10 பிக்சல் பாயும், கலத்தின் அகலமோ 8 பிக்சல். நேராகக் குறிவைத்துச் சுட்டாலும், சில சமயம் குண்டு ஒரு படியில் கலத்துக்கு முன்னாலும் அடுத்த படியில் பின்னாலும் இருந்துவிடும். இதை யாரும் கற்றுக்கொள்ள முடியாது, எதிராளியிடம் பயன்படுத்தவும் முடியாது. வால்மீனின் அளவுகோலில் இது ஒன்றுதான் தேறவில்லை. இப்போது இரண்டு படிகளுக்கிடையே குண்டு கடந்த கோடு முழுவதையும், கலத்தின் நகர்வைக் கழித்துவிட்டு, சோதிக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்திருந்தான். நடுவில் நெட்டையாக நிற்கும் பாறையைப் பார்த்ததும் ஒன்றும் சொல்லவில்லை, விசைப்பலகையைத் தன் பக்கம் சற்று இழுத்துக்கொண்டான். முதல் ஆட்டத்திலேயே கீழிருந்து என்னைச் சுட்டுக்கொண்டே மேல் முனைக்குத் துரத்தினான். பாறை கண்ணுக்குத் தெரிந்ததால் நான் விலகி வலது ஓரத்துக்குப் போய்விட்டேன். அங்கே புள்ளிக்கோட்டைத் தாண்டியதும் ஈர்ப்பு விட்டுப்போய்க் கலம் நேராகியது. அந்த நொடிக்காகவே காத்திருந்து சுட்டான். பதினொரு ஆட்டத்தில் ஏழு அவனுக்கு.

ஒரு குறை மட்டும் சொன்னான். அவன் உந்திக்கொண்டே திரும்பும்போது நான் சுட்டால், சில சமயம் அவன் கலம் திரும்புவதில்லையாம். நிரலில் ஒவ்வொரு விசையின் நிலையையும் தனித்தனியாகத்தான் படிக்கிறேன்.

பழைய வட்டு

அது நிரலின் தவறாக இராது. விலை குறைந்த விசைப்பலகைகளில் விசைகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் கம்பிகளைப் பகிர்ந்துகொள்வதால், குறிப்பிட்ட மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினால் மூன்றாவது பதிவாகாது. அழுத்திய விசைகளைத் திரையில் காட்டும் சிறு நிரலொன்றை எழுதி, இருவரும் பயன்படுத்தும் விசைகளை மும்மூன்றாக அழுத்திப் பாருங்கள். எந்தக் கூட்டு விழவில்லையோ அதில் ஒன்றை மட்டும் மாற்றினால் போதும். பெரும்பாலும் சுடும் விசையை ஷிஃப்டுக்கோ கண்ட்ரோலுக்கோ மாற்றினால் சரியாகிவிடும், அவற்றுக்குப் பொதுவாகத் தனிக் கம்பி இருக்கும்.

சிறுகோள்

சோதித்துவிட்டேன். என் சுடும் விசையும் அவனுடைய உந்துதல், இடம் திரும்புதல் விசைகளும் சேர்ந்தால்தான் விழவில்லை. என்னுடையதை இடது கண்ட்ரோலுக்கு மாற்றிவிட்டேன். மூலநிரலை இன்றிரவு இங்கே இணைக்கிறேன். 178, 1.37, 30-இல் ஒரு நொடி ஆகிய மூன்று எண்களும் கோப்பின் தலைப்பிலேயே, அவை எங்கிருந்து வந்தன என்ற விளக்கத்தோடு இருக்கும்.